நியூஜெர்ஸி நலங்கு

அமெரிக்காவில் நடக்கும் நம்மவர் கல்யாணங்களில் தாலிக்கும் மாலைக்கும் அடுத்தபடியாக முக்கியமான ஐட்டம் ஒன்று உண்டு. புரோகிராம் புத்தகம். எட்டுப் பக்கம், வழவழ தாள், அட்டையில் பிள்ளையார், உள்ளே ஒவ்வொரு சடங்குக்கும் நாலு வரி ஆங்கில விளக்கம். மாப்பிள்ளையோ பெண்ணோ அமெரிக்கராக இருந்துவிட்டால் இது இல்லாமல் கல்யாணமே கிடையாது. சர்ச்சில் அரை மணி நேரத்தில் கல்யாணம் பார்த்துப் பழகிய ஜனங்கள். அவர்களை ஹோமப் புகைக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால், என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது, சாப்பாடு எப்போது என்ற மூன்று கேள்விகளுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

நம் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. யாரும் எதற்கும் விளக்கம் கேட்பதில்லை. பக்கத்து நாற்காலிக்காரரோடு கிரவுண்டு என்ன ரேட் என்று பேசிக்கொண்டே இருப்போம். கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து, மணமேடை இருக்கும் திசையில் அட்சதையை வீசுவோம். அது முன்வரிசைக்காரர் தலையில் விழும். பந்திக்குக் கிளம்புவோம். 'இதை எதுக்குப் பண்றாங்க?' என்று ஏதாவது குழந்தை கேட்டால், 'பெரியவங்க சும்மாவா சொல்லியிருப்பாங்க?' என்று வாயை அடைத்துவிடுவோம். பெரியவர்களுக்கும் தெரியாது என்பது வேறு விஷயம்.

2023 ஜூனில் என் அக்கா மகளின் கல்யாணத்துக்காக நியூஜெர்ஸி போனபோது, புரோகிராம் எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. "நீங்கதானே மாமா ரைட்டர்?" என்றாள் மணப்பெண். நான் படித்தது பி.காம். பிழைப்பது தமிழ்ப் பத்திரிகையில். இங்கிலீஷில் நான் கடைசியாக நீளமாக எழுதியது பேங்க் லோன் அப்ளிகேஷன். ஆனாலும் தாய்மாமன் ஆயிற்றே, முடியாது என்று சொல்ல முடியுமா? சீர்த் தட்டு தூக்க வேண்டியவன் பேனா தூக்கினேன்.

மாப்பிள்ளை அமெரிக்கர். வர்ஜீனியாக்காரர். கல்யாணம் ஜூன் கடைசி சனிக்கிழமை. ஆடிக்கு முன்னால் இருக்க வேண்டும், வளர்பிறையாக இருக்க வேண்டும், சனிக்கிழமையாக இருக்க வேண்டும், ஹாலும் காலியாக இருக்க வேண்டும். இந்த நான்கையும் பொருத்த, அக்கா பஞ்சாங்கத்தையும் எக்ஸெல் ஷீட்டையும் அருகருகே வைத்துக்கொண்டு பதினாலு மாதம் முன்பே உட்கார்ந்துவிட்டாளாம்.

கல்யாணம் என்னவோ ஒரு நாள்தான். அதற்கு முன்னால் நடப்பவைதான் அதிகம். பட்டியல் போட்டுப் பார்த்தேன். பிரைடல் ஷவர், பேச்சிலர் பார்ட்டி, பேச்சிலரெட் பார்ட்டி, பந்தக்கால், நலங்கு, மெஹந்தி, ரிஹர்சல், ரிஹர்சல் டின்னர், சங்கீத். மொத்தம் ஒன்பது. இதில் அமெரிக்காவின் பங்கு ஐந்து, வட இந்தியா இரண்டு, நம்முடையது இரண்டு. கூட்டணி ஆட்சியில் நமக்கு எப்போதும் கிடைக்கும் பங்குதான்.

*

சங்கீத் எப்படித் தமிழ்க் கல்யாணத்துக்குள் நுழைந்தது என்று யாரும் ஆச்சரியப்பட வேண்டாம். 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்', 2001-ல் வந்த 'மான்சூன் வெட்டிங்' மாதிரிப் படங்கள் செய்த வேலை. வடக்கே வீட்டுப் பெண்கள் டோலக் தட்டிப் பாடிக்கொண்டிருந்த சமாசாரம், சினிமா வழியாக உலகத்துக்கே பொதுவாகிவிட்டது. எங்கள் வீட்டு சங்கீத்துக்கு மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆறு பேர் ஜூம் வழியாக இரண்டு மாதம் டான்ஸ் பயின்றிருந்தார்கள். அதில் ஒருவன் ஆறடி நாலு அங்குலம். வேட்டி அவனுக்கு முழங்காலோடு நின்றுவிட்டது. டப்பாங்குத்துக்கு அதுதான் சரியான நீளம் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை.

மெஹந்தியைப் பற்றி அக்காவுக்குக் குறை இருந்தது. "நம்ம மருதாணிக்கு என்னடா கேடு?" என்றாள். கொட்டைப்பாக்கும் புளியும் வைத்து அம்மியில் அரைத்து, விரல் நுனிக்குத் தொப்பி போட்டு, உள்ளங்கையில் நிலா மாதிரி ஒரு வட்டம் வைத்து, ராத்திரி முழுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே தூங்கி, காலையில் பாயெல்லாம் சிவந்து கிடக்கும். அந்த வாசனை கோனில் வராது. ஆனால் அக்காவே ஓக் ட்ரீ ரோடு கடைக்குப் போய் முப்பது கோன் வாங்கி வந்தாள். எடிசனிலிருந்து ஐஸ்லின் வரை போகும் அந்தத் தெருவில் கிடைக்காத இந்தியப் பொருள் ஒன்று உண்டென்றால், அது அம்மிக்கல்லுக்கு அரைக்கும் ஆள் மட்டும்தான்.

பந்தக்கால் நடுவதற்கு வருவோம். நம் ஊரில் நல்ல நேரம் பார்த்தால் போதும், கடப்பாரை எடுத்துக் குழி தோண்டலாம். அமெரிக்காவில் நல்ல நேரத்துக்கு முன்னால் 811 என்ற நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். பூமிக்கு அடியில் கேஸ் பைப்போ, கேபிளோ இருக்கலாம் என்பதால், தோண்டுவதற்குச் சில நாட்கள் முன்பே சொல்லிவிட வேண்டும். ஆட்கள் வந்து புல்தரையில் அடையாளக் கொடி நட்டுவிட்டுப் போவார்கள். கரன்டுக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், குடிதண்ணீருக்கு நீலம். எங்கள் வீட்டுப் பின்பக்கம் வரிசையாக மஞ்சள் கொடி. எடிசனிலிருந்து வந்திருந்த பெரியம்மா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, கவர்மென்டே மங்களகரமா மஞ்சள் கொடி நட்டுக் குடுக்குதே" என்றார். கேஸ் பைப் என்று சொல்லி அவர் சந்தோஷத்தைக் கெடுப்பானேன் என்று விட்டுவிட்டோம்.

இந்தப் பெரியம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரத்த சம்பந்தம் கிடையாது. ஆனால் அந்தப் பக்கத்தில் எந்தத் தமிழ் வீட்டில் விசேஷம் என்றாலும் சம்பிரதாயம் சொல்லித் தருவது அவர்தான். எது முன்னால், எது பின்னால், யார் தொடலாம், யார் தொடக் கூடாது என்று எல்லாம் அத்துப்படி. நான் புரோகிராம் எழுதியது அவர் சொல்லச் சொல்லத்தான்.

*

எழுத ஆரம்பித்த பிறகு ஒரு விஷயம் பிடிபட்டது. சில சடங்குகள் இங்கிலீஷில் சொன்னதும் நமக்கே அழகாகத் தெரிகின்றன. பந்தக்கால் என்றால், 'இந்த வீட்டில் விசேஷம், எல்லாரும் வாருங்கள்' என்று ஊருக்குச் சொல்லும் கம்பம். பாலிகை என்றால், ஒன்பது தானியத்தை மண்ணில் தூவி முளைக்கவிட்டு, 'இதுபோலக் குடும்பம் தழைக்கட்டும்' என்று வேண்டிக்கொள்வது. இதை எழுதும்போது, அட, நம்ம ஆட்கள் கவிஞர்கள்தான் என்று நெஞ்சு விம்மியது.

வேறு சில, இங்கிலீஷில் எழுதும்போது கையைக் கடிக்கின்றன. கன்னிகாதானம். தமிழில் கேட்டால் மங்கலமான வார்த்தை. இங்கிலீஷில் எழுதினால், பெண்ணைத் தானம் கொடுப்பது. மாட்டை, நிலத்தைக் கொடுக்கிற அதே தானம். அமெரிக்கர்கள் ரொம்பத் துள்ள வேண்டாம். அவர்கள் வழக்கத்திலும் அப்பா பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து ஒப்படைப்பதற்கு, 'கொடுத்துவிடுதல்' என்றுதான் பெயர். அதை நான் தமிழில் சொன்னபோது மாப்பிள்ளையின் அம்மா முகமும் கொஞ்சம் சுருங்கியது. அவரவர் பாஷையில் இருக்கும்வரை எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. அடுத்த பாஷையில் சொல்லும்போதுதான் நம் காதிலேயே விழுகிறது.

நலங்குக்கு வந்தேன். பெண்ணை மணையில் உட்கார வைத்து, அருகம்புல்லில் எண்ணெய் தொட்டுத் தலையில் வைத்து, கன்னத்திலும் கையிலும் காலிலும் மஞ்சளும் சந்தனமும் பூசி, ஆரத்தி எடுப்பது. 'இதைச் செய்வது யார்?' என்று கேட்டேன். "சுமங்கலிங்க. அஞ்சு பேர் இல்லேன்னா ஏழு பேர்" என்றார் பெரியம்மா.

சுமங்கலிக்கு இங்கிலீஷில் என்ன? கல்யாணமான பெண் என்று போட்டேன். பெரியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. கல்யாணமானவர்கள் எல்லாரும் சுமங்கலி இல்லையே. வேறு வழியில்லாமல் முழுசாக எழுதினேன்: 'கணவர் உயிரோடு இருக்கும் பெண்கள் ஐந்து அல்லது ஏழு பேர்.'

சுமங்கலி என்ற சொல்லில் ஒரு சௌகரியம் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களைப் பற்றி மட்டும் அது பேசும். வெளியே நிற்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. இங்கிலீஷ் அப்படி விடவில்லை. உயிரோடு இருக்கும் கணவரைச் சொன்னதும், பக்கத்திலேயே உயிரோடு இல்லாத கணவர் வந்து நின்றுவிட்டார்.

அந்தக் கணவர் என் அத்தான். 2016 ஜனவரியில் நியூஜெர்ஸியைப் பெரிய பனிப்புயல் தாக்கியது நினைவிருக்கலாம். அடுத்த நாள் கார் நிறுத்தும் பாதையில் பனி அள்ளிக்கொண்டிருந்தவர், மண்வெட்டியோடு சரிந்து விழுந்தார். மாரடைப்பு. 1991-ல் கல்யாணம். அப்போது நான் பத்தாம் வகுப்பு. இருபத்தைந்து வருஷத்தில் அவர்கள் இருவரும் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை.

டிராஃப்டைப் படித்த என் அக்கா மகள் அந்த வரியில் நின்றுவிட்டாள். பிறந்தது வளர்ந்தது எல்லாம் அமெரிக்கா என்றாலும் தமிழ் நன்றாகவே பேசுவாள்.

"அப்ப அம்மா எங்க நிப்பாங்க, மாமா?"

"உங்கம்மாவே வேணாங்கறாம்மா."

அது உண்மைதான். அக்காவை யாரும் ஒதுக்கவில்லை. தானாகவே ஒதுங்கிக்கொண்டாள். மருந்துக் கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பெரிய வேலை. ஆதாரம் இல்லாமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட மாட்டாள். வீட்டுக் கடனைத் தனியாகக் கட்டி முடித்தவள். ராத்திரி பதினோரு மணிக்கு ஹைவேயில் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு ஏர்போர்ட்டுக்கு வந்து என்னைக் கூட்டிப் போனவள். ஏழு வருஷமாக ஒரு விசேஷம் பாக்கியில்லாமல் சமையலறை வாசலில்தான் நிற்கிறாள்.

"நீயா இப்படி?" என்று கேட்டேன்.

"எனக்கு இதுல நம்பிக்கை இருக்கா இல்லையான்னு கேக்காதடா. எனக்கே தெரியல. ஆனா நாளைக்கு அவளுக்கு ஒரு தலைவலி வந்தாக்கூட நான் தொட்டதாலதானோன்னு தோணும். எதுக்கு அந்த வம்பு? ஒரு அரை மணி நேரம். உள்ள நின்னுட்டுப் போறேன்."

மூட நம்பிக்கை என்றால் வாதம் பண்ணலாம். பெற்றவளின் பயத்தோடு என்ன வாதம் பண்ணுவது?

*

பிரைடல் ஷவர் நடந்தது கல்யாணத்துக்கு இரண்டு வாரம் முன்னால். ஷவர் என்றதும் குளியல் என்று நினைத்துவிடாதீர்கள். பரிசுமழை. பெண்கள் மட்டும் கூடி, மணப்பெண்ணுக்குக் குடித்தனத்துக்கு வேண்டிய சாமான் கொடுப்பார்கள். நம் சீர்வரிசைதான், ரிப்பன் கட்டி வரும். அந்த ரிப்பன்களை எறியாமல் சேர்த்து ஒரு செண்டு மாதிரிக் கட்டி, ரிஹர்சல் அன்றைக்கு மணப்பெண் கையில் கொடுக்கிறார்கள். யார் என்ன கொடுத்தார்கள் என்று ஒரு தோழி நோட்டில் குறித்துக்கொண்டே வருவாள், பிறகு நன்றிக் கடிதம் போட வேண்டுமே. மொய் நோட்டைக் கண்டுபிடித்தது நாம் மட்டும் இல்லை என்று பி.காம். மனசு குளிர்ந்தது.

ஆண்களுக்கு அனுமதி இல்லாததால் அங்கே நடந்ததை அக்கா சொல்லித்தான் கேட்டேன்.

அங்கே மணப்பெண் உடம்பில் நாலு பொருள் இருக்க வேண்டும் என்று ஒரு வழக்கம். பழைய பொருள் ஏதாவது ஒன்று, புதுசாக ஒன்று, யாரிடமாவது இரவல் வாங்கியது ஒன்று, நீல நிறத்தில் ஒன்று. இதில் இரவல் பொருளுக்கு ஒரு நிபந்தனை உண்டு. நன்றாக வாழ்ந்த பெண்ணிடமிருந்துதான் வாங்க வேண்டும். அவள் வாழ்ந்த வாழ்க்கையின் ராசி இவளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று நம்பிக்கை.

மாப்பிள்ளையின் பாட்டிக்கு எண்பத்து நாலு வயது. கழுத்தில் கிடந்த முத்துமாலையைக் கழற்றி, என் அக்கா மகள் கழுத்தில் போட்டாராம். 1961-ல் தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்ட மாலை.

"எல்லாரும் கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்கடா. அம்பத்தாறு வருஷம் சந்தோஷமா வாழ்ந்தவங்க, அவங்க கையால கிடைக்கணுமேன்னு பேசிக்கிட்டாங்க."

"சரிதானே?"

"தாத்தா தவறி ஆறு வருஷம் ஆச்சாம்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "அங்க இருந்தவங்கள்ல நான் ஒருத்திதான் பயந்தேன்."

இந்தப் பாட்டி வர்ஜீனியாவில் பிறந்து வளர்ந்தவர். அவர் கல்யாணம் செய்துகொண்ட காலத்தில் இப்படி ஒரு கல்யாணத்துக்கு அந்த மாநிலத்தில் சட்டப்படி இடமில்லை. வெள்ளைக்காரர் வேறு நிறத்தவரை மணப்பதைத் தடுக்கும் சட்டம் அங்கே 1924-லேயே வந்துவிட்டது. ரிச்சர்டு லவ்விங், மில்ட்ரெட் லவ்விங் என்ற தம்பதியை இந்தச் சட்டத்தில்தான் பிடித்தார்கள். 1958-ல் வாஷிங்டன் போய்க் கல்யாணம் செய்துகொண்டு ஊர் திரும்பியதுதான் குற்றம். வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 1967 ஜூன் 12 அன்று, இப்படிப்பட்ட சட்டங்கள் செல்லாது என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். அன்றைக்கும் பதினாறு மாநிலங்களில் இந்தச் சட்டம் இருந்தது.

நம்மவர்கள் கதை இதற்கும் முந்தியது. இந்தியர்கள் வெள்ளையர் அல்லர், குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று 1923-ல் பகத் சிங் திண்ட் என்பவர் வழக்கில் அதே சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. குடியுரிமைக்குத் தகுதியில்லாதவரை மணக்கும் அமெரிக்கப் பெண்ணின் குடியுரிமையே போய்விடும் என்று 1922-ல் ஒரு சட்டம். கலிபோர்னியாவில் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்த பஞ்சாபிகள் ஊரிலிருந்து பெண் கொண்டுவரவும் முடியாது, வெள்ளைக்காரப் பெண்ணை மணக்கவும் முடியாது. நூற்றுக்கணக்கானவர்கள் மெக்சிகப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். லைசென்ஸ் கொடுக்கும் குமாஸ்தா இருவரின் தோல் நிறத்தையும் பார்ப்பார். ஒரே பழுப்பு என்று தெரிந்தால் கையெழுத்து. இந்திய - அமெரிக்க ஃப்யூஷன் கல்யாணத்துக்குப் பிள்ளையார் சுழி அங்கேதான்.

இன்றைக்கு நியூஜெர்ஸியில் 28 டாலர் கட்டி, 72 மணி நேரம் காத்திருந்தால் லைசென்ஸ் வந்துவிடும். தோல் நிறம் யாரும் கேட்பதில்லை. 1967-ல் அமெரிக்காவில் புதிதாகக் கல்யாணமானவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்தான் வேறு இனத்தவரை மணந்தவர்கள். 2015-ல் பதினேழு பேர் என்கிறது பியூ ஆய்வு மையம்.

பாட்டி அக்காவிடம் சொன்னாராம்: "என் சின்ன வயதில் நாங்களும் இதையெல்லாம் சரி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். கெட்டவர்களாக இருந்து அப்படி நினைக்கவில்லை. யாரும் உரக்கச் சொல்லிக் கேட்கவில்லை, அவ்வளவுதான்."

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஜெட்லாக் ஒரு பக்கம். காலேஜில் படித்த கணக்குப் பாடம் ஒரு பக்கம். பேலன்ஸ் ஷீட் என்பது ஒரு குறிப்பிட்ட தேதியின் நிலவரம். மார்ச் 31 அன்று கையிருப்பு என்ன, கடன் என்ன, அவ்வளவுதான் சொல்லும். வருஷம் முழுக்க வியாபாரம் எப்படி நடந்தது என்று தெரிய வேண்டுமானால் லாப நஷ்டக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

நன்றாக வாழ்ந்தவளின் ராசி ஒட்டும் என்று அவர்களும் நம்புகிறார்கள், நாமும் நம்புகிறோம். நம்பிக்கை ஒன்றேதான். அவர்கள் பாட்டியின் ஐம்பத்தாறு வருஷத்தைப் பார்த்தார்கள். நாம் அக்காவின் இருபத்தைந்து வருஷத்தை ஓரமாக வைத்துவிட்டு, 2016 ஜனவரித் தேதியில் கணக்கை முடித்துவிட்டோம்.

*

பிரிண்டுக்குப் போவதற்கு முன்னால் புரூஃப் என் கைக்கு வந்தது. நலங்குப் பக்கத்தில் நான் எழுதிய வரி இல்லை. அந்த இடத்தில் வேறு ஒன்று இருந்தது. 'முதலில் மணப்பெண்ணின் தாய் மஞ்சள் வைத்துத் தொடங்குவார். அதன் பிறகு, அவளை நேசிக்கும் எல்லாப் பெண்களும் வருவார்கள்.'

யார் கை வேலை என்று கேட்க வேண்டியதில்லை. இருபத்தைந்து வருஷமாகப் பத்திரிகையில் புரூஃப் பார்க்கிறேன். தப்பான தகவல் கண்ணில் பட்டால் பேனா தானாக வட்டம் போடும். அன்றைக்கு ஒரு கமா மட்டும் சேர்த்து, ஓகே என்று எழுதிக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை காலை, வீட்டுப் பின்பக்கம் நலங்கு. ஹோட்டலில் வைத்தால் மஞ்சள் கறைக்கு அபராதம் தீட்டிவிடுவார்கள் என்று புல்தரையிலேயே மணை போட்டோம். அருகம்புல்லுக்கு எங்கே போவது என்று பெரியம்மா கவலைப்பட, மாப்பிள்ளையின் அப்பா போனில் படத்தைப் பார்த்துவிட்டு அதிர்ந்துபோனார். அங்கே அதற்குப் பெயர் பெர்முடா கிராஸ். "இதையா தலையில் வைக்கிறீர்கள்? வர்ஜீனியாவில் முப்பது வருஷமாக மருந்தடித்து ஒழித்துக்கொண்டிருக்கிறேனே!" என்றார். பிறகு அவரே காரை எடுத்துக்கொண்டு போய், எங்கிருந்தோ ஒரு கைப்பிடி கொண்டுவந்தார்.

நாற்பது பேர் இருப்பார்கள். பாதி அமெரிக்கர்கள். ஆளுக்கு ஒரு புரோகிராம். பெண் மணையில் உட்கார்ந்தாள். பெரியம்மா மஞ்சள் கிண்ணத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் மருமகளை முதலில் வரும்படி ஜாடை காட்டினார்.

யாரும் நகரவில்லை. அமெரிக்கர்கள் எல்லாரும் புத்தகத்தைப் பார்த்தார்கள். பிறகு தலையைத் தூக்கி, வேறு யாரையோ தேடினார்கள். மாப்பிள்ளையின் பாட்டி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கத்தை விரலால் தொட்டுக் காட்டி, "அம்மா எங்கே? முதலில் அம்மா என்று போட்டிருக்கிறதே" என்றார்.

அக்கா சமையலறைக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள்.

நான் பெரியம்மாவைப் பார்த்தேன். அவர் புரோகிராமை வாங்கி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அந்த வரியை மெதுவாகப் படித்தார். ஏதாவது சொல்லப்போகிறார் என்று எனக்கு வயிறு கலங்கியது. நாற்பது பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் வருஷத்துச் சம்பிரதாயம் ஆயிற்றே, முறை தப்பக் கூடாதே என்ற மரியாதையோடு காத்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியம்மா புத்தகத்தை மடித்தார். கண்ணாடிக் கதவைப் பார்த்து, "வாம்மா, எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க பாரு. பிரின்ட்லயே அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

அக்கா வந்தாள். அவசரமாகப் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். மகள் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் இருவருமே உடைந்துபோவார்கள் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அக்கா கன்னத்தில் வைக்கவில்லை. குனிந்து, முதலில் பாதத்தில் ஒரே ஒரு விரலால் தொட்டு வைத்தாள். அடுப்பின் சூடு பார்ப்பவள் மாதிரி. பிறகுதான் கை முழுக்க அள்ளிக் கன்னத்தில் பூசினாள். நெற்றியில், கழுத்தில், முத்துமாலை மேல் எல்லாம் மஞ்சள்.

*

வெள்ளிக்கிழமை ரிஹர்சல். கல்யாணத்துக்கு ஒத்திகையா என்று நாம் சிரிப்போம். யார் எப்போது எங்கிருந்து நடந்து வர வேண்டும் என்று நிஜமாகவே நடந்து பார்க்கிறார்கள். ஏற்பாட்டாளர் பெண் காதில் ஒரு மைக்கும் கையில் ஒரு அட்டையுமாக வந்து, "மணப்பெண்ணைக் கையைப் பிடித்துக் கூட்டி வருவது யார்?" என்றாள். தாய்மாமன் என்ற முறையில் நான் ஷர்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு அடி முன்னால் வைத்தேன்.

"நான்தான்" என்றாள் அக்கா.

அந்த ஹோட்டல் கார்ப்பெட்டில் அம்மாவும் மகளும் நாலு தடவை நடந்து பார்த்தார்கள். மகள் கையில் ரிப்பன் செண்டு. "மெதுவா நடங்கம்மா, பஸ் ஒண்ணும் போயிடாது" என்று மகள் சொல்லிக்கொண்டே வந்தாள். அன்று ராத்திரி டின்னரில் கிளாஸைத் தட்டிவிட்டு ஆளாளுக்கு எழுந்து பேசினார்கள். மேடை என்றாலே ஓடும் அக்கா எழுந்து நின்று, மூன்றே நிமிஷம், அத்தானைப் பற்றி மட்டும் பேசினாள். ஏழு வருஷத்தில் அவர் பெயரை அவள் ஒரு விசேஷ வீட்டில் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் கல்யாணம். நன்றாக நடந்தது. ரசம் சுமார்.

சென்னை திரும்பி ஒரு வருஷம் கழித்து, 2024 ஆவணி வாக்கில், திருச்சியிலிருந்து ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் போன் செய்தார். அவர் தங்கைக்கும் கணவர் இல்லை. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள். சுற்றி வளைத்துப் பேசிவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அமெரிக்கால நீ ஏதோ புக்லெட் போட்டியாமே, அதுல நலங்கை அம்மாதான் ஆரம்பிச்சு வைக்கணும்னு இருக்காமே. நம்ம வழக்கத்துல அப்படி இருக்காடா?"

"அச்சுல இருக்குண்ணே" என்றேன்.

"அப்படியா? அதை வாட்ஸ்அப்ல அனுப்பு. இங்க நாலு பேருக்குக் காட்டணும்."

அனுப்பினேன்.